வயர்லெஸ் கம்யூனிகேஷன் பேப்பர்: ஃபார்முலா மனப்பாடம் ஆகிறது, விஷயம் பிடிபடவில்லை. நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

கரூர்_ஈசிஇ:

வணக்கம். கரூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ கடைசி வருடம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இந்த செமஸ்டரில் வயர்லெஸ் கம்யூனிகேஷன் பேப்பர் இருக்கிறது, முதல் இன்டர்னலில் 50க்கு 19தான் வந்தது. படிக்காமல் போய் வாங்கிய மார்க் இல்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். ஃப்ரீ ஸ்பேஸ் பாத் லாஸ் தெரியும், டூ ரே மாடல் டெரிவேஷன் பார்க்காமல் எழுதுவேன், கிளஸ்டர் சைஸுக்கு என் = ஐ² + ஐஜே + ஜே² என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேள்வித்தாளில் கிளஸ்டர் சைஸை 7இலிருந்து 4 ஆகக் குறைத்தால் என்ன ஆகும், ஏன் என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்கள், கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஃபார்முலா எதற்காக வந்தது என்றே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

வகுப்பில் ஸ்லைடு ஓடுகிறது. லேபில் ஒரு டிரெய்னர் கிட், பேட்ச் கார்டு செருகி சிஆர்ஓவில் அலை வந்ததும் அப்சர்வேஷன் நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கிவிடுகிறோம். விடுதி மொட்டைமாடியில் நின்றால் இரண்டு டவர் தெரியும், தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் படிக்கிறேன். நோட்டில் இருப்பதற்கும் அந்த டவருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் பிடிபடவில்லை.

இந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்கினால் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு வரும்? 2ஜி காலத்து ஜிஎஸ்எம் எல்லாம் இன்னும் எதற்கு, நேராக 5ஜிக்குப் போய்விடலாமா? காசு செலவில்லாமல் கையால் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது சோதனை உண்டா? எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலைக்காக மட்டும் கேட்கவில்லை, இது எனக்கு உண்மையிலேயே பிடித்த பாடம்.

டவர்_மணி:

தம்பி, டவர் சிக்னலைச் சீர்செய்கிற ஆர்எஃப் ஆப்டிமைசேஷனில் நான் 11 வருடமாக இருக்கிறேன், தெருத் தெருவாகப் போய் சிக்னல் அளக்கிற டிரைவ் டெஸ்ட் வண்டியில் தொடங்கியவன். உங்கள் கை நின்றுபோன கேள்வி இருக்கிறதே, பாதிப் பாடம் அதற்குள்ளேதான் இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

அலைவரிசை என்பது அளந்து கொடுக்கப்பட்ட நிலம் மாதிரி. ஜிஎஸ்எம்மின் 900 பேண்டைப் பாருங்கள். ஃபோனிலிருந்து டவருக்கு 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ், டவரிலிருந்து ஃபோனுக்கு 935 முதல் 960. அந்த 25 மெகாஹெர்ட்ஸை 200 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டினால், ஓரத்துக்கு விடுகிற ஒன்று போக 124 கேரியர் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் 8 டைம்ஸ்லாட், மொத்தம் 992. ஊர் நடுவில் உயரமாக ஒரே டவரை நட்டு எல்லோருக்கும் அதிலிருந்தே கொடுத்தால், ஊரே சேர்ந்து ஒரு நேரத்தில் ஆயிரம் பேர்கூடப் பேச முடியாது. செல்லுலார் வருவதற்கு முன்னால் இருந்த கார் ஃபோன்களுக்கு இதே நெருக்கடிதான், அப்போது இருந்த சேனல்கள் இதைவிடவும் மிகக் குறைவு. 1947இல் பெல் லேப்ஸில் ஒரு யோசனை வந்தது: ஊரைச் சின்னச் சின்ன செல்லாகப் பிரித்துவிடு, ஒரு செல்லில் போட்ட அலைவரிசையைக் கொஞ்சம் தள்ளியிருக்கிற இன்னொரு செல்லில் மறுபடியும் போடு. அது அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்குகிற சேவையாக வர 1983 ஆகிவிட்டது, முதலில் சிகாகோவில்.

எல்லா அலைவரிசையையும் ஒரு முறை தமக்குள் பங்கிட்டுக்கொள்கிற செல்களின் கூட்டம்தான் கிளஸ்டர், அதில் எத்தனை செல் என்பது என். எவ்வளவு தள்ளி என்பதுதான் உங்கள் ஃபார்முலா. அதே அலைவரிசை மறுபடி வரும் தூரம் டி, செல்லின் ஆரம் ஆர், டி பை ஆர் என்பது ரூட் 3என். என் 7 என்றால் 4.58, அதாவது செல்லின் ஆரத்தைப் போல நாலரை மடங்கு தள்ளி அதே அலைவரிசை மறுபடி வருகிறது. அப்படி முதல் சுற்றில் 6 செல்கள் உங்களுக்குத் தொல்லை தரும். தூரத்தின் எத்தனையாவது அடுக்கில் சிக்னல் தேய்கிறது என்கிற பாத் லாஸ் எக்ஸ்போனென்ட் 4 என்று வைத்துக்கொண்டால், ரூட் 21இன் நாலாவது அடுக்கான 441ஐ 6ஆல் வகுக்க வேண்டும், சிக்னலுக்கும் தொல்லைக்கும் உள்ள விகிதம் 73.5, டெசிபலில் (டிபி) 18.7. பழைய அனலாக் ஃபோனில் பேச்சு தெளிவாகக் கேட்க 18 டிபி வேண்டும் என்று வைத்திருந்தார்கள், 7 சரியாகப் பொருந்துகிறது. 4 ஆக்கினால் 144ஐ 6ஆல் வகுத்து 24, அது 13.8 டிபி. ஒரு செல்லுக்குக் கிடைக்கும் சேனல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, ஆனால் அனலாக்கில் பக்கத்து செல்லின் இரைச்சல் காதில் விழ ஆரம்பித்துவிடும். ஜிஎஸ்எம் 9 டிபியிலேயே தாக்குப்பிடிக்கும், அதனால் அங்கே 4 போதும், 3கூடப் போடலாம். டிஜிட்டலுக்கு ஏன் மாறினார்கள் என்ற கேள்விக்கும் இதே கணக்கில் பதில் வந்துவிட்டது பாருங்கள்.

இன்னொன்று. அந்தச் சமன்பாட்டை மறுபடி எழுதி, அதில் டவரின் பவர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருக்காது. எல்லா டவரும் சேர்ந்து பவரை ஏற்றினால் சிக்னலும் ஏறும், தொல்லையும் அதே அளவு ஏறும், விகிதம் மாறாது. இதை நான் காலேஜில் எழுதித்தான் பாஸ் செய்தேன், ஆனால் விளங்கியது திருவண்ணாமலையில். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும், கிரிவலப் பாதை முழுக்கத் தலைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கால் போகவில்லை என்று புகார் வருகிறதே, பவரை ஏற்றலாமா என்று சீனியரிடம் கேட்டேன். "குறைக்கணும்டா" என்றார். வண்டியில் வைத்த தற்காலிக டவர்களைப் பாதையோரமாகக் கொண்டுவந்து நிறுத்தி, ஆன்டெனாவைக் கீழ்நோக்கி டில்ட் செய்து, ஒவ்வொன்றும் தன் காலடியில் இருக்கிற கூட்டத்தை மட்டும் பார்க்கிற மாதிரி சுருக்கினோம். செல் ஸ்ப்ளிட்டிங் என்று நீங்கள் 13 மார்க்குக்கு எழுதுவது இதைத்தான்.

எர்லாங் டேபிளையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிஃபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணிதக்காரர் ஏ.கே. எர்லாங், நூறு வருடத்துக்கு முன்னால் போட்ட கணக்கு, இன்றைக்கும் அதை வைத்துத்தான் வாய்ஸ் சேனல் எத்தனை என்று பார்க்கிறோம். ஜிஎஸ்எம்மில் ஒரு கேரியர், 8 ஸ்லாட்டில் கண்ட்ரோலுக்கு ஒன்று போனால் பேச 7. நூற்றில் இரண்டு கால் கிடைக்காமல் போகலாம் என்று வைத்தால் 7 சேனலுக்கு 2.94 எர்லாங். ஒரு சேனல் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் ஓர் எர்லாங். பிஸி ஹவரில் ஓர் ஆள் ஒன்றரை நிமிடம் பேசுகிறார் என்றால் அவர் 0.025 எர்லாங், ஆக 117 பேருக்குப் போதும். இப்போது 14 சேனல் கொடுங்கள். 5.88 வரும் என்றுதான் மனம் கணக்குப் போடும். டேபிளில் 8.20 என்று இருக்கும், 328 பேர். சேனலை இரண்டு மடங்காக்கினால் ஆட்கள் மூன்று மடங்கை நெருங்குகிறார்கள், ஏனென்றால் பெரிய தொகுப்பில் யாராவது ஒருவர் பேசி முடித்த ஸ்லாட் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். டிரங்கிங் எஃபிஷியன்ஸி என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்.

சோதனைக்கு ஆண்ட்ராய்டு ஃபோனில் *#*#4636#*#* அடித்துப் பாருங்கள். நிறைய மாடலில் ஒரு மெனு திறக்கும், ஃபோன் வாங்குகிற சிக்னலின் பலத்தை ஆர்எஸ்ஆர்பி என்று மைனஸ் 80, மைனஸ் 105 என எண்ணாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே மொட்டைமாடியிலிருந்து கீழ்த்தளம் வரை இறங்குங்கள்.

செல்வி_டெக்:

மணி சொன்னதற்கு மேல் சிலது சேர்க்கிறேன். நான் இதே பாடம் எடுக்கும் உதவிப் பேராசிரியர். ஸ்லைடு ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. 45 பீரியடில் ஐந்து யூனிட்டை முடிக்கும் அவசரத்தில் நாங்களும் அதைச் செய்துவிடுகிறோம்.

ஜிஎஸ்எம்மை விட்டுவிடாதீர்கள். 5ஜியில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருக்கும், ஜிஎஸ்எம்மில் ஒவ்வொரு முடிவும் வெளியே தெரியும். இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல் மொபைல் அழைப்பு போனது இந்தத் தொழில்நுட்பத்தில்தான், இன்றும் நம் வீடுகளில் நிறைய பட்டன் ஃபோன் அதில்தான் ஓடுகிறது. அந்த பட்டன் ஃபோனே உங்களுக்கு லேப். பழைய ரேடியோவோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கரோ இருந்தால் ஆன் செய்து, பக்கத்தில் ஃபோனை வைத்து அணைத்துப் போடுங்கள். நெட்வொர்க்கில் பதிவு செய்துகொள்ளும்போது டிட் டிட் டிட் என்று ஸ்பீக்கர் உறுமும். ஜிஎஸ்எம்மில் ஒரு ஃபிரேம் 4.615 மில்லிசெகண்ட், அதை 8 பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள், உங்கள் ஃபோன் தன் முறைக்கு 0.577 மில்லிசெகண்ட் மட்டும் கத்திவிட்டு அமைதியாகிறது. ஃபோனில் பேசிக்கொண்டிருக்கும்போது அது 4.615 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை நடக்கிறது, ஒன்றை அதால் வகுத்தால் 217 ஹெர்ட்ஸ், நம் காதுக்குக் கேட்கும் ஒலி. அந்த உறுமலை வேறொரு ஃபோனில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஆடியோ மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் பாருங்கள், 217 வர வேண்டும். இப்படி நேரத்தைப் பங்கிடும் டிடிஎம்ஏ என்பதைக் காதால் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இதே ஸ்லாட்டிலிருந்து இன்னொரு கேள்வி. தொலைவில் இருப்பவரின் சிக்னல் தாமதமாக வந்து அடுத்தவர் ஸ்லாட்டில் விழுந்துவிடாதா? விழும். அதனால்தான் டவர் ஃபோனிடம் கொஞ்சம் முன்னாலேயே பேசு என்று சொல்கிறது, அதன் பெயர் டைமிங் அட்வான்ஸ். ஒரு படி ஏறக்குறைய 550 மீட்டர், அதிகபட்சம் 63 படி, ஆகவே 35 கிலோமீட்டர். சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் சாதாரண ஜிஎஸ்எம் செல் அதைத் தாண்டாது.

நகரும்போது அலைவரிசை சற்று விலகுவதுதான் டாப்ளர், அதற்கு பஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகம், 1800 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 16.7 சென்டிமீட்டர், டாப்ளர் சரியாக 100 ஹெர்ட்ஸ். கோஹரன்ஸ் டைம் 0.423ஐ 100ஆல் வகுத்து 4.2 மில்லிசெகண்ட். சேனல் அவ்வளவு நேரம்தான் ஒரே மாதிரி இருக்கும், அதற்குள் ஜிஎஸ்எம் தன் 0.577 மில்லிசெகண்ட் துண்டை அனுப்பி முடித்துவிடுகிறது. துண்டின் நடுவில் ரிசீவருக்குத் தெரிந்த 26 பிட் வரிசை ஒன்று இருக்கும், அதை வைத்து, எதிரொலிகளின் குழப்பத்தைச் சரிசெய்யும் ஈக்வலைசர் சேனலை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிக்கிறது. யூனிட் ஒன்றும் யூனிட் நான்கும் சந்திக்கும் இடம் அது.

நெல்லை_2019:

மேலே இருவரும் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் தம்பிக்கு அரியர் விழாமல் பார்ப்பதும் முக்கியம், அதை யாராவது சொல்ல வேண்டும். நானும் தமிழ் மீடியம், நானும் முதல் பட்டதாரி, இப்போது 5ஜி புரோட்டோகால் டெஸ்டிங்கில் இருக்கிறேன்.

முதலில் டெசிபலைக் கையில் பிடியுங்கள். 3 டிபி என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு, ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டிபிஎம்மோடு டிபியைக் கூட்டலாம், டிபிஎம்மோடு டிபிஎம்மைக் கூட்டக் கூடாது. இது சரளமாக வராததால்தான் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் கணக்கில் மார்க் விட்டார்கள். யூனிட் இரண்டில் எர்லாங் கணக்கும் கிளஸ்டர் கணக்கும் தினம் இரண்டு போடுங்கள், அந்த மார்க் உறுதி. அப்புறம் ஆங்கிலம். பெரிய வாக்கியம் எழுத முயலாதீர்கள். படத்தை முதலில் போட்டு, அம்புக்குறி போட்டு, கீழே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். தமிழில் யோசித்து விளங்கிக்கொண்டதை எளிய ஆங்கிலத்தில் இறக்கிவைக்க முடியும், விளங்காததை எந்த மொழியிலும் எழுத முடியாது. ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு வீடியோவை இரண்டு முறை பாருங்கள், இரண்டாவது முறை பேனாவோடு.

வேலைக்கு வரும்போது பைத்தானும் சி மொழியும் கேட்பார்கள். சிக்னல் ஏறி இறங்கும் ஃபேடிங் ஏன் வருகிறது என்றும் கேட்பார்கள், என்னிடம் கேட்டார்கள்.

கரூர்_ஈசிஇ:

அண்ணா, மேடம், நெல்லை அண்ணா, எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

உறுமல் சோதனை வந்துவிட்டது! ஊருக்குப் போனபோது அப்பாவின் பட்டன் ஃபோனை எங்கள் பழைய ரேடியோ மேலேயே வைத்துப் பேசினேன். ஆடாசிட்டியில் முதல் முள் 217இல், அடுத்தது அதன் இரண்டு மடங்கில், அப்படியே வரிசையாக. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இந்த ஃபோன் ஏழு பேருக்கு வழிவிட்டுப் பேசுகிறது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதுதான் குழப்பம். அரை அலைநீளத்துக்கு ஒரு முறை சிக்னல் 20, 30 டிபி விழும் என்று புத்தகத்தில் இருக்கிறது. என் ஃபோன் 4ஜி, 1800 பேண்ட், அப்படியானால் 8 சென்டிமீட்டருக்கு ஒரு பள்ளம் வர வேண்டும். விடுதி மேசையில் ஸ்கேலை ஒட்டி, ஃபோனை ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடி நிறுத்தி ஆர்எஸ்ஆர்பி எழுதினேன். 60 சென்டிமீட்டர், 61 ரீடிங். மைனஸ் 91க்கும் மைனஸ் 95க்கும் நடுவிலேயே நிற்கிறது, பள்ளமே இல்லை. நான் எங்கே தப்பு செய்தேன்?

செல்வி_டெக்:

தப்பே செய்யவில்லை. 61 ரீடிங் எடுத்தீர்களே, என் வகுப்பில் இதுவரை யாரும் இப்படிச் செய்து பார்த்ததில்லை, நாளைக்கே அங்கே சொல்லப் போகிறேன்.

புத்தகத்தில் இருக்கும் பள்ளம் ஒற்றை அலைவரிசைக்கு உரியது. பல வழியாக வரும் அலைகள் ஒரு புள்ளியில் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது அந்த அலைவரிசையில் மட்டும்தான், கொஞ்சம் தள்ளியிருக்கும் அலைவரிசையில் அதே புள்ளியில் அவை கூடிக்கூட இருக்கலாம். எவ்வளவு தள்ளி என்பதற்குத்தான் கோஹரன்ஸ் பேண்ட்விட்த். எதிரொலிகள் வந்துசேரும் நேரத்தின் பரவல், அதாவது ஆர்எம்எஸ் டிலே ஸ்பிரெட், வெளியில் 1 மைக்ரோசெகண்ட் என்றால், ஒன்றை அதன் ஐந்து மடங்கால் வகுத்து 200 கிலோஹெர்ட்ஸ். ஜிஎஸ்எம் கேரியரின் அகலமும் அதுவே, அதனால் பள்ளத்தில் விழுந்தால் ஏறக்குறைய முழுசாகவே விழும். உங்கள் 4ஜி கேரியர் 5, 10 அல்லது 20 மெகாஹெர்ட்ஸ் இருக்கும். அறைக்குள் டிலே ஸ்பிரெட் குறைவு, கோஹரன்ஸ் பேண்ட்விட்த் சில மெகாஹெர்ட்ஸ் வரை போகும், ஆனாலும் ஒரு பகுதி விழும்போது இன்னொரு பகுதி நிமிர்ந்து நிற்கிறது, ஆர்எஸ்ஆர்பி அவற்றின் சராசரி. போதாததற்கு ஃபோனில் இரண்டு ஆன்டெனா இருக்கிறது, இரண்டில் எது நன்றாக வாங்குகிறதோ அதைவிடக் குறைத்துச் சொல்லக் கூடாது என்பது விதி. பள்ளம் நிரம்பிவிட்டது.

4ஜி பயன்படுத்தும் ஓஎஃப்டிஎம் ஏன் வந்தது என்பதும் இங்கேயே இருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸை ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பினால் ஒரு சிம்பலின், அதாவது ஒரு முறை அனுப்பும் தகவல் துண்டின், எதிரொலி பின்னால் வரும் பல சிம்பல்கள் மேல் விழும், ஈக்வலைசர் திணறிவிடும். அதற்குப் பதிலாக 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 1200 சன்னமான ஓடைகளாகப் பிரித்தால், ஒவ்வோர் ஓடைக்கும் சேனல் தட்டையாகத் தெரியும், ஒரு சிம்பல் 66.7 மைக்ரோசெகண்ட் நின்று நிதானமாகப் போகும். முன்னால் ஒட்டும் சைக்ளிக் பிரிஃபிக்ஸ் 4.7 மைக்ரோசெகண்ட், ஒளி அந்த நேரத்தில் 1.4 கிலோமீட்டர் போகும், அவ்வளவு சுற்றி வந்த எதிரொலியையும் அது விழுங்கிவிடும். எந்த ஓடை உங்கள் ஃபோனுக்கு நிமிர்ந்து நிற்கிறதோ அதை உங்களுக்கும், மற்றதை இன்னொருவருக்கும் டவர் கொடுக்கிறது.

யூனிட் ஐந்துக்குப் போகும்போது பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்படையில் சோனார் உருவாக்கியவர், பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், இந்தப் பல வழிகளையே தனித்தனிப் பாதைகளாக வைத்து ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வேறு வேறு தகவலை அனுப்பலாம் என்று 1990களின் தொடக்கத்தில் காட்டினார். மைமோ அதுதான். 2014இல் மார்க்கோனி பரிசு கொடுத்தார்கள். நீங்கள் மேசையில் தேடிய பள்ளத்துக்குக் காரணமான அதே எதிரொலிகள், அவர் கையில் கூடுதல் கொள்ளளவாக மாறிவிட்டன.

டவர்_மணி:

மேடம் சொன்னதை நீங்களே சரிபார்க்கலாம் தம்பி. ஃபோன் செட்டிங்கில் 2ஜி மட்டும் என்று போட்டு, அதே மேசை, அதே ஸ்கேல். ரீடிங் எடுக்கும்போது உடம்பை நகர்த்தாதீர்கள், நீங்களே ஓர் எதிரொலி.

கரூர்_ஈசிஇ:

நேற்று ராத்திரி எடுத்தேன். 2ஜியில் 900 பேண்ட் பிடித்தது, அரை அலைநீளம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். மைனஸ் 73இல் போய்க்கொண்டிருந்தது 22ஆவது சென்டிமீட்டரில் மைனஸ் 89க்கு விழுந்தது. மூன்று முறை திரும்ப வைத்துப் பார்த்தேன், அங்கேயேதான் விழுகிறது. அடுத்தது 41இல், கொஞ்சம் ஆழம் குறைவு. சரியாக 16 இல்லை, 19 வருகிறது. அறையில் இருந்த மூன்று பேரும் பாடத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

செல்வி_டெக்:

எல்லாத் திசையிலிருந்தும் ஒரே பலத்தில் அலை வந்தால்தான் அந்த அரை அலைநீளக் கணக்கு நெருங்கி வரும். உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம், டவர் எந்தப் பக்கம் என்று படம் போட்டு அந்த ரீடிங்குகளோடு இங்கே போடுங்கள். மேசையை 90 டிகிரி திருப்பி இன்னொரு செட் எடுத்தால் இடைவெளி மாறும் என்று நினைக்கிறேன், பார்த்துவிட்டு எழுதுங்கள்.